தையில் அடைத்த தூசி... ஆனியில் கொதிக்கும் டிராக்டர்!

மன்னார்குடி பக்கத்திலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார்: ‘‘குறுவைக்குச் சேற்றுழவு ஓட்டும்போது, அரை மணி நேரத்தில் டிராக்டரின் டெம்பரேச்சர் முள் சிவப்புக்குப் போய்விடுகிறது. ரோட்டில் வெறும் டிரெய்லரோடு போனால் ஒரு தொந்தரவும் இல்லை. ரேடியேட்டரை மாற்றச் சொல்கிறார் மெக்கானிக். மாற்றத்தான் வேண்டுமா?’’

அவசரப்பட வேண்டாம். ஜூன் 12-ல் மேட்டூர் திறந்து, வாய்க்காலில் தண்ணீர் எட்டிப் பார்த்துவிட்டால், ஊரில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் டிராக்டர் வேண்டும். அந்த நேரத்தில் வண்டி படுத்துவிட்டால் நடவே தள்ளிப்போகும். அதனால்தான் பலரும் கேட்ட தொகையைக் கொடுத்து எதையாவது மாற்றிவிடுகிறார்கள். ஆனால், செலவே இல்லாத காரணத்திலிருந்துதான் தேடத் தொடங்க வேண்டும்.

ரோட்டில் சுமை குறைவு. இன்ஜினில் உண்டாகும் சூடும் குறைவு. சேற்றில் ரோட்டவேட்டரோடு இன்ஜின் முழு பலத்தையும் கொடுக்கிறது. வண்டியோ மெதுவாக நகர்கிறது. எதிர்க்காற்று கிடையாது, ஃபேன் இழுக்கும் காற்று மட்டும்தான். ரேடியேட்டர் பாதி அடைத்திருந்தாலும் ரோட்டில் தெரியாது, சேற்றில் தெரிந்துவிடும்.

முதலில் வெளியே பாருங்கள்

சம்பா அறுவடையில் பறக்கும் வைக்கோல் தூசியும் சுணையும் ரேடியேட்டரின் மெல்லிய தகடுகளுக்கு நடுவே போய் அடைத்துக்கொள்ளும். தை மாதம் புகுந்த தூசியில் எண்ணெய்ப் பிசுக்கும் சேறும் சேர்ந்தால், ஆனியில் கெட்டியான பூச்சாகிவிடும்.

இன்ஜின் ஆறிய பிறகு, முன்பக்க வலையைக் கழற்றுங்கள். ஃபேன் முன்னாலிருந்து காற்றை இழுப்பதால், அதற்கு எதிர்த்திசையில், அதாவது இன்ஜின் பக்கமிருந்து முன்பக்கமாக, மிதமான காற்றோ தண்ணீரோ அடிக்க வேண்டும். வாட்டர் சர்வீஸ் பம்பை நெருக்கிப் பிடித்தால் தகடுகள் மடங்கி, காற்றுப்பாதை நிரந்தரமாக மூடிக்கொள்ளும். ஆயில் கூலர் இருந்தால், அதற்கும் ரேடியேட்டருக்கும் நடுவிலுள்ள சந்தையும் சுத்தம் செய்யுங்கள்.

அடுத்து மூன்று சிறு பொருள்கள்

ஃபேன் பெல்ட்: தளர்ந்திருந்தாலோ, பளபளவென்று தேய்ந்திருந்தாலோ வழுக்கும். சுமை ஏறும்போது ஃபேனும், பல வண்டிகளில் அதே பெல்ட்டில் ஓடும் வாட்டர் பம்பும் வேகம் குறையும்.

மூடி: பிரஷர் குக்கர் போலத்தான். சாதாரணமாக 100 டிகிரியில் கொதிக்கும் தண்ணீர், 15 பவுண்டு அழுத்தத்தில் சுமார் 120 டிகிரி வரை கொதிக்காது. மூடியின் ரப்பர் வெடித்திருந்தால் அந்தப் பாதுகாப்பு போய்விடும்.

தெர்மோஸ்டாட்: கழற்றி, பாத்திரத்தில் தண்ணீர் வைத்துச் சூடாக்கிப் பாருங்கள். பெரும்பாலானவை 80 டிகிரியை ஒட்டித் திறக்கத் தொடங்கும். கொதித்தும் திறக்காவிட்டால் புதிது போடுங்கள். அதை எடுத்துவிட்டு வெறுமனே ஓட்டுவது தீர்வல்ல. இன்ஜின் சரியான சூட்டுக்கு வராமல் டீசல் செலவும் தேய்மானமும் கூடும்.

எந்தத் தண்ணீர் ஊற்றுகிறீர்கள்?

வெந்நீர் அண்டாவின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அதேதான் ரேடியேட்டர் குழாய்க்குள்ளும் படிகிறது. நாகப்பட்டினம், வேதாரண்யம் போன்ற கடலோரப் பகுதிகளின் உப்பு போர் தண்ணீர், உலோகத்தையும் அரிக்கும். வாய்க்கால் தண்ணீரில் வண்டல் வரும். பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரோடு, வண்டிக் கையேட்டில் சொன்ன கூலன்ட்டைச் சொன்ன அளவில் கலந்து ஊற்றுங்கள். நம் ஊரில் தண்ணீர் உறையப்போவதில்லை. துருப்பிடிக்காமல் இருக்கத்தான் கூலன்ட். பழையதை வாய்க்காலிலோ களத்திலோ கொட்டாதீர்கள். இனிப்பாக இருப்பதால் நாயும் மாடும் குடித்துவிடும், அது விஷம்.

வயலில் கொதித்துவிட்டால்...

ரோட்டவேட்டரைத் தூக்கி, பி.டி.ஓ-வை நிறுத்தி, சுமையில்லாமல் சில நிமிடங்கள் ஓடவிட்டால், ஃபேன் சூட்டை இழுத்துவிடும். ஆனால் பெல்ட் அறுந்திருந்தாலோ, தண்ணீர் கொட்டினாலோ, ஆவி பீறிட்டாலோ உடனே நிறுத்துங்கள். நன்றாக ஆறும்வரை மூடியில் கை வைக்கக் கூடாது. கொதிநீர் முகத்தில் அடிக்கும். சூடான இன்ஜினில் பச்சைத்தண்ணீர் ஊற்றினால் சிலிண்டர் ஹெட் வெடித்துவிடலாம்.

இன்ஜின் ஆயில் பால் கலந்த டீ போல மாறியிருந்தாலோ, ரேடியேட்டருக்குள் ஓயாமல் குமிழி வந்தாலோ, ஹெட் கேஸ்கெட் போயிருக்க வாய்ப்பு அதிகம். அதற்குமேல் ஒரு சாலும் ஓட்டாமல் மெக்கானிக்கை அழையுங்கள்.

இன்னொரு வாசகர் கேள்வி

‘‘கும்பகோணம் கடைத்தெரு நெரிசலில் நின்றால் என் கார் சூடாகிறது. தஞ்சாவூர் ரோட்டில் வேகமாகப் போனால் சரியாகிவிடுகிறது. ஏன்?’’

வேகமாகப் போகும்போது எதிர்க்காற்று ஃபேனின் வேலையைச் செய்துவிடுகிறது. அதனால் முதலில் மின்சார ஃபேன் சுழல்கிறதா என்று பாருங்கள். ஃபியூஸ், ரிலே, சென்சார், மோட்டார் என்று வரிசையாகச் சோதிக்கச் சொல்லுங்கள். நேர்மாறாக, வேகமாகப் போகும்போது சூடானால், உள்ளே படிவு, தெர்மோஸ்டாட், வாட்டர் பம்ப் ஆகியவற்றில் சந்தேகம் கொள்ளலாம்.

மன்னார்குடி வாசகரே, முதலில் முன்பக்க வலையைக் கழற்றிப் பாருங்கள். ரேடியேட்டரை மாற்றுவதைக் கடைசியாக யோசிக்கலாம். அடுத்த சம்பா அறுவடை முடிந்த கையோடு, வண்டியைக் கொட்டகையில் விடும் முன்பே தூசியை ஊதி எடுத்துவிடுங்கள்.