சிமாஸ் மின்கலம்

சிமாஸ் மின்கலம் என்பது மேசைக் கணினியின் தாய்ப்பலகையில் பொருத்தப்படும் நாணய வடிவ லித்தியம் மின்கலம் ஆகும். மின் இணைப்பு இல்லாதபோதும் கணினியின் கடிகாரத்தை இது இயக்குகிறது. பழைய கணினிகளில் பயாஸ் அமைப்புகளையும் காக்கிறது. பெரும்பாலும் சிஆர்2032 வகையே பயன்படுகிறது. இதன் மின்னழுத்தம் 3 வோல்ட். விட்டம் 20 மி.மீ.

பழுதின் அறிகுறிகள்

மின்கலம் தீர்ந்துவிட்டால், மின்செருகியைக் கழற்றி மீண்டும் இணைக்கும்போதெல்லாம் தேதி பல ஆண்டுகள் பின்னுக்குச் சென்றுவிடும். தேதி தவறானால் பாதுகாப்புச் சான்றிதழ்கள் செல்லாதவையாகக் கருதப்பட்டு, பல இணையதளங்கள் திறக்காது. செருகியைக் கழற்றாத நிலையிலும் நேரம் சில மணி மாறியிருந்தால், நேர வலய அமைப்பையே முதலில் சரிபார்க்க வேண்டும்.

மாற்றும் முறை

1. பயாஸ் அமைப்புகளைக் குறித்துக்கொள்ளவும்.
2. கணினியை அணைத்து, மின்செருகியைக் கழற்றவும்.
3. பெட்டியின் உலோகப் பகுதியைத் தொட்டு, உடலிலுள்ள நிலைமின்னை நீக்கவும்.
4. பிடிப்பானைத் தள்ளி மின்கலத்தை எடுக்கவும்.
5. பழையது இருந்தவாறே நேர்முனை (+) பார்த்துப் புதியதைப் பொருத்தவும்.
6. பயாஸில் தேதி, நேரம், வன்தட்டு அமைப்பு ஆகியவற்றைச் சரிசெய்யவும். வன்தட்டு அமைப்பு மாறியிருந்தால் இயங்குதளம் தொடங்காமல் போகலாம்.

எச்சரிக்கை

கழற்றிய மின்கலத்தைக் குழந்தைகளுக்கு எட்டாதவாறு வைக்க வேண்டும். தீர்ந்த மின்கலத்தை விழுங்கினாலும் 2 மணி நேரத்திற்குள் உணவுக்குழாயில் கடும் புண் ஏற்படலாம். உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்ல வேண்டும்.