மலையகத்தில் தொண்டுப் பணி: பொதி வழங்குவதோடு முடிந்துவிடுமா?

ஹட்டனிலிருந்து நுவரெலியா செல்லும் வீதியில், தலவாக்கலைக்கு முன்னதாக அமைந்துள்ள சிறு நகரம் கொட்டகலை. அதன் நாற்புறமும் தேயிலைத் தோட்டங்கள். கடைவீதியில் தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் அருகருகே வர்த்தகம் செய்து வருகின்றனர். பாடசாலைத் தவணை ஆரம்பமாகும் நாட்களிலும், அடைமழையால் மண்சரிவு ஏற்பட்டு லயன் குடியிருப்புகள் பாதிக்கப்படும் நாட்களிலும் இத்தகைய மலையக நகரங்களை நாடி உதவிகள் வருவது வழக்கம். கொழும்பிலிருந்தும் வெளிநாடுகளிலிருந்தும் அமைப்புகள் வருகின்றன. தோட்டத்தின் கோயில் மண்டபத்திலோ பாடசாலை மண்டபத்திலோ கூட்டம் கூடுகிறது. பதாகை கட்டப்படுகிறது. சிலர் உரையாற்றுகின்றனர். பின்னர் அப்பியாசக் கொப்பிகளோ உலருணவுப் பொதிகளோ வழங்கப்பட்டு, புகைப்படங்களும் எடுக்கப்படுகின்றன. மாலையில் வாகனங்கள் திரும்பிச் செல்கின்றன.

இவற்றைக் குறை கூறுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. கொப்பி வாங்க வழியற்ற பிள்ளைக்குக் கொப்பி கிடைப்பது நன்மையே. வீடிழந்து பாடசாலைக் கட்டடத்தில் தங்கியிருப்பவர்களுக்கு அரிசியும் மாவும் பாயும் உடனடித் தேவைகள் என்பதையும் மறுப்பதற்கில்லை. ஆயினும், அந்த வாகனம் திரும்பிச் சென்ற பின்னர் அக்குடும்பத்தின் நிலை என்ன என்ற கேள்வி எஞ்சியிருக்கிறது. தொண்டுப் பணியின் பெறுமதியை நிர்ணயிப்பது அக்கேள்விக்கான விடையே.

முதலில் வறுமையின் அளவை நோக்குவோம். 2019ஆம் ஆண்டில் தொகைமதிப்பு புள்ளிவிபரத் திணைக்களம் நடத்திய ஆய்வின்படி, நாட்டின் சனத்தொகையில் 14.3 சதவீதத்தினர் வறியவர்களாக இருந்தனர். பெருந்தோட்டத் துறையில் இது 33.8 சதவீதமாகும். அதாவது மூவரில் ஒருவர். 2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார ஆய்வு, ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரமற்றோர் நாட்டளவில் 17.3 சதவீதம் என்றும், தோட்டப்புறங்களில் 31.7 சதவீதம் என்றும் காட்டியது. இவை பொருளாதார நெருக்கடிக்கு முந்திய கணக்குகள். 2022ஆம் ஆண்டு நெருக்கடியின்போது கோதுமை மாவின் விலை பல மடங்காக உயர்ந்தபோது, ரொட்டியையே பிரதான உணவாகக் கொண்ட தோட்டக் குடும்பங்கள் எத்தகைய துன்பத்தை அனுபவித்திருக்கும் என்பதை விளக்கத் தேவையில்லை.

இவ்வறுமைக்கு வருமானம் குறைவு என்பது மட்டும் காரணமன்று. அது நிச்சயமற்றதாக இருப்பதும் காரணமாகும். நாட்சம்பளம் 2021இல் 1,000 ரூபாவாகவும், 2024 செப்டெம்பரில் 1,350 ரூபாவாகவும் வர்த்தமானி மூலம் உயர்த்தப்பட்டது. எனினும், நிர்ணயிக்கப்பட்ட அளவு கொழுந்து பறிக்காவிடில் முழுப் பேர் விழுவதில்லை. அரைப் பேரே கிடைக்கும். மழையிலும் வரட்சியிலும் வேலை நாட்கள் குறைகின்றன. தாய் நோயுற்றால், தந்தை மதுவுக்கு அடிமையானால், அல்லது வீட்டில் ஒரு மரணம் நிகழ்ந்தால், அக்குடும்பம் கடனுக்குள் வீழ்ந்துவிடுகிறது. அப்பொழுது கிடைக்கும் ஓர் உலருணவுப் பொதி சில நாட்களுக்கே போதுமானது. கடனோ தொடர்கிறது.

வெளியிலிருந்து வருவோரின் கண்ணுக்கு எளிதில் தெரியாத மற்றுமொரு வறுமையும் உண்டு. அது ஆவணங்களின் வறுமை. 1948ஆம் ஆண்டின் பிரஜாவுரிமைச் சட்டத்தினால் நாடற்றவராக்கப்பட்ட இம்மக்களின் பிரச்சினைக்கு, 2003ஆம் ஆண்டின் சட்டத்தின் மூலமே இறுதித் தீர்வு கிடைத்தது. சட்டம் தீர்ந்தாலும் அதன் வடுக்கள் மறையவில்லை. ஒருவரது பெயர் பிறப்புச் சான்றிதழில் ஒரு விதமாகவும், அடையாள அட்டையில் வேறு விதமாகவும், தோட்டத்தின் பதிவேட்டில் இன்னொரு விதமாகவும் எழுதப்பட்டிருப்பது சாதாரண நிகழ்வு. முப்பது, நாற்பது ஆண்டுகள் உழைத்து ஓய்வு பெற்ற பெண்மணி ஊழியர் சேமலாப நிதியைப் பெறச் செல்லும்போதுதான் அந்த எழுத்து வேறுபாடு அவருக்குத் தெரியவருகிறது. பல லயன்களில் தனித்தனி வீட்டு முகவரி இல்லாமையால் கடிதங்கள் தோட்ட அலுவலகத்துக்கே செல்கின்றன. நேர்முகப் பரீட்சைக்கான அழைப்பு, பரீட்சை முடிந்த பின்னர் கைக்குக் கிடைத்த கதைகளும் உண்டு.

2023இல் தொடங்கப்பட்ட அஸ்வெசும நலன்புரித் திட்டமும் விண்ணப்பம், தரவுச் சரிபார்ப்பு, மேன்முறையீடு, வங்கிக் கணக்கு எனப் பல படிகளைக் கொண்டது. அப்படிகளில் ஒன்று தவறினாலும் மாதாந்தக் கொடுப்பனவு கைநழுவிப் போகும். இத்தகைய குடும்பமொன்றுக்கு ஐயாயிரம் ரூபா பெறுமதியான பொதியை வழங்குவதிலும் பார்க்க, அதன் விண்ணப்பத்தைச் சரியாக நிரப்பி, பிரதேச செயலகத்துக்கு உடன் சென்று, முடிவு வரும்வரை பின்தொடர்வதே பெரும் உதவியாகும். அதற்குப் பணம் அதிகம் தேவையில்லை. எழுதப் படிக்கத் தெரிந்த, சிங்களமும் ஓரளவு அறிந்த, பொறுமையுள்ள ஒரு தொண்டர் தேவை. அவர் மீண்டும் மீண்டும் வர வேண்டும்.

இவ்வாறான தொண்டுக்கு மலையகத்தில் முன்னுதாரணம் இல்லாமலில்லை. 1973, 1974ஆம் ஆண்டுகளில் உலகளாவிய உணவுத் தட்டுப்பாட்டின்போது அரசாங்கம் பங்கீட்டு அரிசி, மாவின் அளவைக் குறைத்தது. கிராமத்து மக்களுக்குச் சிறிதளவேனும் காணி இருந்தது. தோட்ட மக்களுக்கு அதுவுமில்லை. தோட்டங்களில் பட்டினி பரவி மரணங்கள் பெருகின. 1973இல் பிரித்தானியத் தொலைக்காட்சியொன்று தோட்டத் தொழிலாளரின் அவல வாழ்வை அந்நாட்டு மக்களுக்குக் காட்டியது. மறு ஆண்டில் ‘வோர் ஒன் வோன்ட்’ என்னும் பிரித்தானியத் தொண்டு நிறுவனம் இது பற்றிய அறிக்கையொன்றை வெளியிட்டது. தாம் அருந்தும் தேநீருக்குப் பின்னால் இத்தகைய பசி இருப்பதை அந்நாட்டவர் அறிந்து அதிர்ச்சியடைந்தனர்.

அக்காலப் பகுதியிலேயே கண்டியில் ‘சத்யோதய’ நிலையம் செயற்பட ஆரம்பித்திருந்தது. 1972இல் இயேசு சபைத் துறவியான அருட்தந்தை போல் கஸ்பர்ஸ், ஆயர் லியோ நாணயக்காரவின் ஆதரவுடன் அதனை நிறுவினார். சிங்களவர், தமிழர், முஸ்லிம்கள் எனப் பல்வேறு இனத்தவரும் மதத்தவரும் ஒரே கூரையின் கீழ் பணியாற்ற வேண்டும் என்பது அதன் அடிப்படைக் கொள்கையாக இருந்தது. தோட்ட மக்களின் வாழ்வு அதன் பணிகளில் முக்கிய இடத்தைப் பெற்றது. 1974இல் தோட்டப் பகுதிகளில் பணியாற்றிய பல்வேறு குழுக்களை இணைக்கும் செயலகமொன்றும் அம்முயற்சிகளின் தொடர்ச்சியாக உருவானது. நிவாரணம் தேவைதான், ஆனால் இம்மக்கள் ஏன் பட்டினி கிடக்கின்றனர் என்று கேட்காத நிவாரணம் முழுமையானதன்று என்பதே அவர்களுடைய நிலைப்பாடு. 1979இல் இனங்களுக்கிடையில் நீதிக்கும் சமத்துவத்துக்குமான இயக்கத்தை உருவாக்குவதிலும் அருட்தந்தை கஸ்பர்ஸ் முன்னின்றார். தோட்ட மக்களுக்கான தொண்டும், அவர்களது சம உரிமைக்கான குரலும் அவருக்கு வெவ்வேறானவையாக இருக்கவில்லை.

சத்யோதயவின் அனுபவத்திலிருந்து கொட்டகலை போன்ற நகரங்களின் இன்றைய அமைப்புகள் கற்றுக்கொள்ளக் கூடியவை இரண்டு. ஒன்று, தொண்டு செய்பவர் மக்களோடு நீண்டகாலம் தங்கியிருக்க வேண்டும். மற்றையது, தொண்டு எந்தவொரு சமூகத்தின் வேலியாகவும் அமைந்துவிடக் கூடாது.

இவ்விரண்டும் நமக்குப் புதியனவுமல்ல. தோட்டங்களில் மரண உதவிச் சங்கங்கள் நெடுங்காலமாக இயங்கி வருகின்றன. மாதாந்தம் சிறு தொகையைச் சேகரித்து, ஒரு வீட்டில் இழவு விழுந்தால் பெட்டி முதல் தேநீர் வரை அனைத்தையும் அச்சங்கம் பொறுப்பேற்கும். அங்கு கொடுப்பவர், பெறுபவர் என்ற பேதமில்லை. இன்று கொடுப்பவர் நாளை பெறுபவர். வள்ளுவரும் ‘ஈகை’ அதிகாரத்துக்கு முன்னதாகவே ‘ஒப்புரவறிதல்’ அதிகாரத்தை வைத்தார். சமூகத்தோடு இணைந்து வாழும் கடமையை முதலில் உணர்த்தி, அதன் பின்னரே கொடுப்பதைப் பற்றிப் பேசினார் என்று இவ்வைப்பு முறைக்குப் பொருள் கொள்ளலாம்.

இஸ்லாமிய மரபில் ஸகாத் என்பது செல்வந்தரின் பெருந்தன்மையன்று, வறியவரின் உரிமை. அதனைப் பெறத் தகுதியுடைய எட்டுத் தரப்பினரை அல்குர்ஆனின் தவ்பா அத்தியாயம் வரையறுத்துக் கூறுகிறது. கடனாளிகளும் அவர்களுள் அடங்குவர். அதனைச் சேகரித்து விநியோகிக்கும் பணியாளர்களும் அவர்களுள் ஒரு தரப்பினர் என்பது கவனத்துக்குரியது. உதவியை உரியவரிடம் சேர்ப்பதே ஓர் உழைப்பு என்பதும், அவ்வுழைப்புக்குச் செலவுண்டு என்பதும் அங்கே ஏற்றுக்கொள்ளப்பட்டுள்ளன. ஸகாத்துக்குப் புறம்பான ஸதகா என்னும் தர்மத்தை எம்மதத்தவருக்கும் வழங்கலாம். மாத முடிவில் தருவதாகக் கூறும் தோட்டத் தாயின் கணக்கைக் கடன் கொப்பியில் எழுதிவிட்டு, அரிசியை நிறுத்துக் கொடுக்கும் கடைக்காரர்கள் தமிழரிலும் முஸ்லிம்களிலும் உள்ளனர். அவர்களுக்குப் பதாகை கட்டுவாரில்லை.

இனி, தொண்டர்களைப் பற்றிச் சிறிது நோக்குவோம். மலையகத்தின் இன்றைய தொண்டர்களில் பலர் அத்தோட்டங்களிலேயே பிறந்தவர்கள். 1977 முதல் தோட்டப் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்றதும், 1980களில் சுவீடனின் உதவியுடன் அப்பாடசாலைகள் அபிவிருத்தி செய்யப்பட்டதும், கொட்டகலைக்கு அண்மையில் பத்தனையில் ஜேர்மனியின் உதவியுடன் ஸ்ரீபாத தேசிய கல்வியியல் கல்லூரி அமைக்கப்பட்டதும் ஒரு புதிய தலைமுறையை உருவாக்கின. கொழுந்துக் கூடை சுமந்த தாயின் மகள் இன்று ஆசிரியை. அவர் சனிக்கிழமைகளில் தமது தோட்டத்துப் பிள்ளைகளுக்கு இலவசமாகப் பாடம் சொல்லிக் கொடுக்கிறார். எந்த வீட்டில் அடுப்பு எரியவில்லை என்பது அவருக்குத் தெரியும். எந்தப் பிள்ளை மூன்று நாட்களாகப் பாடசாலைக்கு வரவில்லை என்பதும் தெரியும். வெளியூர் அமைப்பு பல மாதங்கள் ஆய்வு செய்து பெறக்கூடிய தகவல் அவரிடம் ஏற்கெனவே இருக்கிறது.

அத்தகைய தொண்டரின் சிரமங்களைச் சிந்திப்போர் குறைவு. பஸ் கட்டணமும் தொலைபேசிச் செலவும் அவரது சொந்தப் பணத்திலிருந்தே போகின்றன. சொந்த வீட்டிலும் வறுமை இருக்கக் கூடும். நன்கொடையாளர்கள் பொதிகளுக்குப் பணம் தர முன்வருகின்றனர். தொண்டரின் போக்குவரத்துக்குத் தரத் தயங்குகின்றனர். நிர்வாகச் செலவு என்றாலே ஐயம் எழுகிறது. அமைப்புகள் கணக்குகளைப் பகிரங்கமாக வெளியிட்டால் இவ்வையத்துக்கு இடமிராது. உழைப்புக்குச் செலவுண்டு என்பதை ஏற்றுக்கொள்ளாத தொண்டு, இரண்டு வருடங்களில் தனது நல்ல தொண்டர்களை இழந்துவிடும்.

தொண்டர் ஒருவர் உரிய வேளையில் அருகில் இருப்பது எத்துணை முக்கியமானது என்பதற்கு ஒரு துயர நிகழ்வை நினைவூட்டலாம். 2021 ஜூலையில், டயகமையைச் சேர்ந்த பதினாறு வயதுச் சிறுமி, தாம் பணிப்பெண்ணாக இருந்த கொழும்பு வீட்டில் ஏற்பட்ட தீக்காயங்களினால் வைத்தியசாலையில் உயிரிழந்தார். நாடே கொதித்தெழுந்தது. மலையக நகரங்களில் ஆர்ப்பாட்டங்கள் நடைபெற்றன. அந்த உணர்வு நியாயமானது. ஆனால், வறுமை காரணமாக ஒரு சிறுமி பாடசாலையை விட்டு வேலைக்குப் புறப்படும் நாளில், அவ்வீட்டுக்குச் சென்று அக்கடனுக்கு வேறு வழி தேடிக் கொடுப்பதற்கு எவரேனும் இருக்கின்றனரா என்பதையும் நாம் கேட்டுக்கொள்ள வேண்டும். சட்டம் கட்டாயக் கல்வியை வலியுறுத்துகிறது. வேலைக்கான ஆகக் குறைந்த வயதும் 2021இல் பதினாறாக உயர்த்தப்பட்டது. ஆயினும் லயன் வீட்டின் வாசல்வரை சட்டத்தைக் கொண்டு செல்ல மனிதர்கள் தேவை.

அதேவேளை, தொண்டு நிறுவனங்கள் அரசாங்கத்துக்கும் தோட்டக் கம்பனிகளுக்கும் மாற்றீடாக அமைந்துவிடவும் கூடாது. 1987ஆம் ஆண்டின் பிரதேச சபைச் சட்டத்தின் ஒரு பிரிவு, தோட்டப் பகுதிகளுக்குப் பிரதேச சபைகள் நிதி செலவிடுவதற்குத் தடையாக இருந்தது. 2018இலேயே அது திருத்தப்பட்டது. அதே ஆண்டில் கொட்டகலைக்கும் தனியான பிரதேச சபை செயற்படத் தொடங்கியது. ஆகவே வீதி, குடிநீர், மலசலகூடம் ஆகியவற்றைக் கொடையாளரின் கருணையாக எதிர்பார்க்க வேண்டியதில்லை. அவற்றை வரி செலுத்தும் பிரஜைகளின் உரிமையாகவே கேட்டுப் பெறலாம். அவ்வாறு கேட்பதற்கு மக்களுக்குத் துணை நிற்பதும் தொண்டே.

ஆதலால் கொட்டகலையிலும் அதனையண்டிய நகரங்களிலும் இயங்கும் அமைப்புகள் சில நடைமுறைகளைக் கைக்கொள்வது பயன் தரும். ஒவ்வொரு தோட்டப் பிரிவிலும் மிக நலிந்த குடும்பங்கள் எவை என்பதை அங்குள்ள ஆசிரியர்கள், குடும்ப நல உத்தியோகத்தர்கள், கோயில், பள்ளிவாசல், தேவாலய நிர்வாகத்தினர் ஆகியோருடன் கலந்து தெரிவு செய்யலாம். நூறு குடும்பங்களுக்கு ஒரு நாள் உதவுவதிலும் பார்க்க, பத்துக் குடும்பங்களை மூன்று வருடங்களுக்குப் பொறுப்பேற்கலாம். ஆவணங்களைச் சீர்செய்யும் உதவி மேசையொன்றை மாதம் ஒருமுறை தோட்டத்திலேயே நடத்தலாம். உதவி பெறும் பிள்ளையின் முகம் தெரியும் புகைப்படங்களைப் பிரசுரிப்பதை அறவே தவிர்க்கலாம். நாளை அப்பிள்ளை வகுப்பறையில் தலைநிமிர்ந்து அமர வேண்டும் அல்லவா?

உதவி பெற்ற மாணவன் ஒருவன் உயர்தரம் கற்று, தொழில் பெற்று, தனது தோட்டத்துக்கே தொண்டனாகத் திரும்பி வருவானாயின், அதுவே அந்த அமைப்பின் வெற்றியாகும். வழங்கப்பட்ட பொதிகளின் எண்ணிக்கையை ஆண்டறிக்கையில் எழுதுவது எளிது. உதவி இனித் தேவையில்லை என்று கூறும் நிலைக்கு உயர்ந்த குடும்பங்கள் எத்தனை என்பதே அவ்வறிக்கையில் முதலில் எழுதப்பட வேண்டிய கணக்காகும்.