மனித ஊழி: பெயரும் பொறுப்பும்

புவியின் நெடிய வரலாற்றை நிலவியல் அறிஞர்கள் பல ஊழிகளாக வகுத்துள்ளனர். இன்று நடைபெறும் ஹோலோசீன் ஊழி ஏறத்தாழ 11,700 ஆண்டுகளுக்கு முன் தொடங்கியது. வேளாண்மையும் நகர வாழ்வும் இவ்வூழியின் ஓரளவு நிலையான தட்பவெப்பத்தில் வளர்ந்தவை. இதன் இறுதிக் கட்டத்திற்கு 2018-இல் 'மேகாலயன்' எனப் பெயரிடப்பட்டது. மேகாலயாவின் மாம்லூ குகையிலுள்ள சுண்ணாம்புப் படிவு, ஏறத்தாழ 4,200 ஆண்டுகளுக்கு முன் பருவமழை நலிந்ததைக் காட்டுகிறது. அத்தடயமே இக்கட்டத்தின் எல்லைக் குறியாகும்.

அம்மாறுதல் இயற்கையால் நேர்ந்தது; இன்றைய மாறுதலுக்கோ மனிதனே காரணம். தொழிற்புரட்சிக்கு முன் காற்றில் பத்து லட்சத்தில் 280 பங்காக இருந்த கரியமிலவாயு இன்று 420 பங்கைக் கடந்துவிட்டது. நிலக்கரி, எண்ணெய் ஆகியவற்றை எரித்தலும் காடழிப்பும் இதன் தலையாய காரணங்கள்.

எனவே, 'ஆந்த்ரோபோசீன்', அதாவது மனித ஊழி, தொடங்கிவிட்டது என்று 2000-ஆம் ஆண்டில் பால் குருட்சன், யூஜின் ஸ்டோர்மர் என்னும் அறிஞர்கள் கருத்துரைத்தனர். பின்னர் இதனை ஆராய அமைக்கப்பட்ட நிபுணர் குழு, கனடாவின் கிராஃபோர்டு ஏரிப் படிவில் காணப்படும் புளுட்டோனியத் தடயத்தைச் சான்றாகக் கொண்டு, 1952-ஐத் தொடக்கமாகப் பரிந்துரைத்தது. உரிய துணை ஆணையம் 2024 மார்ச்சில் அதனை ஏற்க மறுத்தது. மனிதனின் தாக்கத்தை அது மறுக்கவில்லை. உழவு, காடழிப்பு, தொழிற்புரட்சி எனப் பல படிகளில் பெருகிய தாக்கத்தை ஓர் ஆண்டிற்குள் அடக்க இயலுமா என்பதே முதன்மையான தடையாயிற்று.

இவ்வினா நிலவியலோடு முடிவதன்று. கரியமிலவாயுவின் ஒரு பகுதி பல நூற்றாண்டுகள் காற்றில் தங்கும். ஆதலின் 1952-லிருந்து மட்டும் கணக்கிட்டால், அதற்கு முன் தொழில்வள நாடுகள் வெளியிட்ட புகை பார்வையிலிருந்து மறைந்துவிடும். 'மனித' என்னும் அடைமொழியும், மிகுதியாக எரித்தோரையும் விளக்கெரிக்கவே வழியற்றோரையும் ஒரே வரிசையில் நிறுத்திவிடுகிறது. 1992-ஆம் ஆண்டு ஐ.நா. பருவநிலை உடன்படிக்கையில் ஏற்கப்பட்ட 'பொதுவான, ஆயினும் வேறுபட்ட பொறுப்பு' என்னும் நெறி இவ்வேறுபாட்டை உணர்ந்ததேயாகும்.

இந்தியாவுக்கும் இதில் கடமையுண்டு. 2070-க்குள் நிகர உமிழ்வைச் சுழியாக்குவதாக 2021-இல் நம் நாடு அறிவித்தது. ஊழியின் பெயரை அறிஞர்கள் பொறுத்திருந்து முடிவு செய்யலாம். பருவமழையை நம்பி விதைக்கும் உழவருக்கு அத்தகைய அவகாசம் இல்லை. நீர்ப்பாசனம், பயிர்த் தேர்வு, எரிசக்தி ஆகியவற்றில் இன்று வகுக்கும் திட்டங்கள் இதனைக் கருத்திற் கொள்ளுதல் இன்றியமையாததாகும்.