மருந்து அடிக்கும் முன் அந்த வெள்ளைப் புழுவைச் சீண்டிப் பாருங்கள்

கொய்யாக் கிளையிலோ திராட்சைக் குலையிலோ வெள்ளையாக எதுவும் அப்பியிருந்தால் அது மாவுப்பூச்சி, உடனே மருந்து அடி என்பதுதான் தோட்டங்களில் வழக்கம். அந்த வெள்ளைக் கூட்டத்துக்குள்ளேயே மாவுப்பூச்சியைத் தின்னும் பொறிவண்டின் புழுவும் இருக்கலாம். அதுவும் மாவு பூசினாற்போலவே இருப்பதால், கூலி கேட்காத வேலையாளை விவசாயி தானே காசு கொடுத்துக் கொல்கிறார்.

இந்த வண்டின் பெயர் கிரிப்டோலேமஸ். சொந்த ஊர் ஆஸ்திரேலியா. காப்பிச் செடியின் பச்சைச் செதில் பூச்சியை ஒழிக்க 1898இல் இந்தியாவுக்குக் கொண்டுவந்தார்கள். வந்த வேலை சரியாக நடக்கவில்லை. மாவுப்பூச்சி கிடைத்ததால் தென்னிந்தியாவிலேயே தங்கிவிட்டது.

வளர்ந்த வண்டு ஏறக்குறைய 4 மில்லிமீட்டர்தான். தலைப்பக்கம் ஆரஞ்சு, முதுகு கரும்பழுப்பு. மற்றப் பொறிவண்டுகளைப் போலப் புள்ளிகள் கிடையாது. மாவுப்பூச்சியின் பஞ்சு போன்ற முட்டைப்பைக்குள்ளேயே தன் முட்டைகளை இடும். வெளிவரும் புழு 13 மில்லிமீட்டர் வரை வளரும். அதற்குள் சிறு மாவுப்பூச்சிகளாக 250 வரை தின்றுவிடும். அடையாளம் காண ஒரு குச்சி போதும். மாவுப்பூச்சி கூட்டமாக ஒட்டிக் கிடக்கும், தொட்டாலும் மெல்லத்தான் நகரும். வண்டின் புழுவோ தொட்டதும் விறுவிறுவென ஓடும். அதன் மேலுள்ள மெழுகு இழைகளும் நீளமாக, சடைசடையாகத் தொங்கும்.

வண்டை வாங்கி விடுபவர்கள் ஏமாறுவது பெரும்பாலும் எறும்பால்தான். மாவுப்பூச்சி கழிக்கும் இனிப்புநீருக்காக எறும்புகள் அதற்குக் காவல் நிற்கும், வண்டை விரட்டும். ஆகவே முதலில் எறும்புப் புற்றைக் கவனியுங்கள். வண்டு விடுவதற்குச் சில வாரம் முன்பே கடும் மருந்துகளை நிறுத்திவிடுங்கள். வெப்பம் 33 டிகிரியைத் தாண்டினால் வண்டு சோர்ந்துவிடும். சித்திரை வெயிலில் விடுவது வீண் செலவு. திராட்சைக்குக் கொடிக்கு 10 வண்டு என்பது பரிந்துரை. எல்லா மாவுப்பூச்சிக்கும் இதுவே மருந்து என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 2008இல் கோவைப் பகுதியில் தலைகாட்டிய பப்பாளி மாவுப்பூச்சியை அடக்கியது, 2010இல் வெளிநாட்டிலிருந்து வரவழைத்த ஒரு சிறு குளவி.

வாங்கும்போது இன்னொரு சிக்கல். ரசாயனப் பூச்சிக்கொல்லிகளும் நுண்ணுயிர் மருந்துகளும் 1968ஆம் ஆண்டுச் சட்டப்படி பதிவு பெற்றாக வேண்டும். உயிருள்ள வண்டுக்கு அந்தப் பதிவு தேவையில்லை. அரசு முத்திரையைப் பார்த்து வாங்க வழியில்லாதபோது கண்தான் காவல். கோவை வேளாண் பல்கலைக்கழகத்தின் பூச்சியியல் துறை போன்ற இடங்களில், மாவுப்பூச்சி ஏற்றிய பரங்கிக்காயில் இவற்றை வளர்க்கிறார்கள். முதலில் அங்கே விசாரியுங்கள். தனியாரிடம் வாங்கினால் டப்பாவைத் திறந்து, வண்டு உயிரோடு ஓடுகிறதா என்று பார்த்த பிறகே பணம் கொடுங்கள்.

மருந்தோ வண்டோ, பில் கேட்டு வாங்குவது உங்கள் உரிமை. போலி மருந்து என்று சந்தேகம் வந்தால் வட்டார வேளாண்மை விரிவாக்க மையத்தில் எழுதிக் கொடுங்கள். மாதிரி எடுத்துச் சோதனைக்கு அனுப்பப் பூச்சிக்கொல்லி ஆய்வாளருக்கு அதிகாரம் உண்டு. விதை வாங்கும் விவசாயியும் நுகர்வோரே என்று 2012இல் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. நஷ்டஈடு கேட்டு மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போக இரண்டு ஆண்டு அவகாசம் உண்டு. பொருளுக்குக் கொடுத்த விலை 5 லட்சம் ரூபாய்க்குள் இருந்தால் கட்டணமும் இல்லை. மருந்து அடிப்பதா வேண்டாமா என்ற குழப்பத்துக்கு, கடைக்காரரைக் கேட்குமுன் 1800-180-1551 என்ற இலவச உழவர் அழைப்பு மைய எண்ணில் தமிழிலேயே கேளுங்கள்.