குறும்பு

குறும்பு என்பது பிறருக்குத் தீங்கு நினையாமல், சற்றுக் கோணலாகப் பேசியோ நடந்தோ சிரிப்பை உண்டாக்கும் இயல்பைக் குறிக்கும் தமிழ்ச் சொல். குறும்பன், குறும்புக்காரி, குறும்புத்தனம், குறும்புப் பார்வை எனப் பலவாறு வழங்கும். "குறும்பு பண்ணாதே" என்னும் தாயின் அதட்டலில் கோபத்தைவிடச் செல்லமே மிகுதி. தென்காசி, செங்கோட்டை வட்டாரத்தில் சிறுவர்களின் செயலுக்குச் 'சேட்டை' என்ற சொல்லே முந்திக்கொள்ளும். அது செயல், அசைவு என்று பொருள்படும் வடசொல்லின் வழி வந்தது.

பழந்தமிழில் இச்சொல்லுக்குச் சிரிப்போடு தொடர்பு இல்லை. பாலைநிலத்து ஊர், அரண், குறுநில மன்னர், பகைவர் ஆகியவை அகராதிகள் தரும் பழைய பொருள்கள். திருக்குறளில் 735-ஆம் குறள், வேந்தனை அலைக்கழிக்கும் கொலைத்தொழில் குறும்பர் இல்லாததே நாடு என்கிறது. அரசனுக்கு அடங்காதவரைக் குறித்த சொல், பெரியவர்களுக்கு அடங்காத பிள்ளைக்கு வந்து சேர்ந்தது எனக் கொள்ளலாம். ஆயுதம் போய்விட்டது, அடங்காமை மட்டும் நின்றது.

குறும்புப் பேச்சுக்குச் சிறந்த எடுத்துக்காட்டு செங்கோட்டைக்கு அருகிலேயே உள்ளது. தென்காசியை அடுத்த மேலகரத்தில் வாழ்ந்த திரிகூடராசப்பக் கவிராயர் 18-ஆம் நூற்றாண்டில் இயற்றிய திருக்குற்றாலக் குறவஞ்சியில், ஊர் ஊராகக் குறி சொல்லிவிட்டு நகைகளோடு நிற்கும் சிங்கியைச் சிங்கன் காண்கிறான். "இதெல்லாம் யார் கொடுத்தது?" என்று நேராகக் கேட்க மனம் வரவில்லை. காலில் கிடக்கும் சிலம்பை விரியன் பாம்பு என்கிறான். பாடகத்தை நெளியும் நாங்கூழ்ப் புழு என்கிறான். கெச்சத்தைச் செத்த தவளை என்கிறான். சிங்கி சளைக்காமல் ஒவ்வொன்றுக்கும் நகையின் பெயரையும், அது கிடைத்த இடத்தையும் சொல்கிறாள். உள்ளே இருப்பது சந்தேகம். வெளியே வருவது அறியாதவன் கேள்வி. கேட்பவன் மீதே சிரிப்பு விழுவதால் அவளுக்குக் காயமில்லை.

இந்த இடத்தில்தான் நக்கல், நையாண்டி ஆகியவற்றிலிருந்து குறும்பு வேறுபடுகிறது. அவை எதிராளியைத் தாழ்த்தியே சிரிக்க வைக்கும். கொங்கு வட்டாரத்துக் 'குசும்பு' இரண்டுக்கும் நடுவே நிற்பது. "வாங்க, போங்க" என்ற மரியாதை குறையாமலே காலை வாரிவிடும்.

இலக்கிய வடிவத்துக்கும் இச்சொல் பெயர் தந்துள்ளது. ஈழத்துக் கவிஞர் மஹாகவி, ஆங்கில லிமரிக் வடிவத்தைத் தழுவி எழுதிய ஐந்தடி நகைச்சுவைப் பாக்களுக்குக் 'குறும்பா' என்று பெயரிட்டார். நூல் 1966-இல் வெளிவந்தது. குறும் பா, குறும்பு ஆகிய இரண்டும் ஒரே பெயருக்குள் ஒலிப்பது அழகு.

பிறரைத் துன்புறுத்திவிட்டு, "சும்மா குறும்புக்குச் செய்தோம்" என்று தப்பிக்கவும் இச்சொல்லைக் கையாள்வதுண்டு. கல்லூரி விடுதிகளில் புதிய மாணவர்களை அழவைத்தவர்கள் சொல்லும் வழக்கமான சாக்கு இதுதான். இது பொருந்தாத பயன்பாடு. 1997-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ராகிங் தடைச் சட்டம், உடலையோ மனத்தையோ வருத்தும் செயல்களோடு, கேலி செய்வதையும் மாணவரிடம் 'விளையாட்டாக'ச் செய்யும் குறும்புகளையும் ராகிங் என்றே வரையறுக்கிறது.