புதிய ஆண்டில் நம் விசுவாசம்

மார்கழி மாதக் கடைசி இரவில் நன்றித் திருப்பலி முடிந்து, ஒருவருக்கொருவர் வாழ்த்துச் சொல்லிக்கொண்டு வெளியே வரும்போது நம்மில் பலர் மனதுக்குள் ஒரு தீர்மானம் எடுக்கிறோம். இந்த வருடமாவது குடும்பமாகச் செபிக்க வேண்டும், ஞாயிறு பூசையைத் தவறவிடக் கூடாது, விவிலியத்தைத் திறந்து வாசிக்க வேண்டும் என்பவை அவற்றுட் சில. கசிப்பை விட்டுவிடுவதாகத் தீர்மானிப்போரும் உண்டு. தைப்பொங்கல் வருவதற்கு முன்னரே இவற்றில் அரைவாசி மறந்துபோவதும் நாம் அறிந்ததே.

இடம்பெயர்ந்த குடும்பங்களில் இதற்கு இன்னொரு காரணமும் சேர்ந்துகொள்கிறது. "ஊருக்குப் போன பிறகு பார்ப்போம்" என்று சொல்லிப் பழகிவிட்டோம். கல்வீடு கட்டுவதும் பிள்ளையின் கலியாணமும் ஊருக்குப் போன பிறகுதான். செபமும் அந்த வரிசையிற் போய் நின்றுகொண்டது. நமது கோவிலில், நமது பாதுகாவலரின் சுரூபத்துக்கு முன்னால் முழந்தாளிட்டால்தான் செபம் வரும் என்று ஓர் எண்ணம். 1995 ஒக்டோபர் இறுதியில் வலிகாமத்தை விட்டு வெளிக்கிட்டவர்களும், 2008, 2009 ஆம் ஆண்டுகளில் வன்னிக்குள் தறப்பாளைச் சுருட்டிக்கொண்டு இடம் மாறி இடம் ஓடியவர்களும் இந்த எண்ணத்தை நன்கறிவர். மெனிக் பாம் முகாம் 2012 செப்டெம்பரில் மூடப்பட்டது. அதன் பின்னரும் சொந்தக் காணிக்குத் திரும்ப முடியாமல் காத்திருந்த குடும்பங்கள் பல. காத்திருக்கும் காலமும் நம் ஆயுளிற் சேர்ந்ததுதான் என்பதை நாம் இலகுவில் மறந்துவிடுகிறோம்.

இப்படிக் காத்திருந்தோரின் கதை விவிலியத்தில் விரிவாகவே உண்டு. யூதா நாட்டு மக்களில் ஒரு பகுதியினர் கிறிஸ்துவுக்கு முன் 597 அளவில் பாபிலோனுக்குக் கொண்டுசெல்லப்பட்டார்கள். இரண்டு வருடத்துக்குள் எல்லாரும் திரும்பி விடுவார்கள் என்று அனனியா என்பவன் எருசலேமில் நின்று தீர்க்கதரிசனம் சொன்னான். கேட்க இனிமையான செய்தி. 'அடுத்த மாதம் விடுகிறார்களாம்' என்று சந்தியில் யாரோ சொன்னதை நம்பிச் சட்டி பானையைக் கட்டி வைத்தவர்களுக்கு அனனியாவை அறிமுகம் செய்யத் தேவையில்லை. எரேமியா இறைவாக்கினரோ 70 வருடம் என்று எழுதினார். அதோடு நிறுத்தாமல், வீடு கட்டுங்கள், தோட்டம் செய்து அதன் பலனை உண்ணுங்கள், நீங்கள் இருக்கும் நகரத்தின் நலனுக்காகவும் செபியுங்கள் என்று அந்த மக்களுக்குச் சொல்லி அனுப்பினார். ஆலயமும் பலிபீடமும் இல்லாத இடத்திலிருந்தே கடவுளைத் தேடலாம், அவர் கண்டடையப்படுவார் என்பதே அக்கடிதத்தின் உயிர். (எரேமியா 29 ஆம் அதிகாரம்.)

அதே எரேமியா ஒரு காணியும் வாங்கினார். பாபிலோனியப் படை எருசலேமைச் சுற்றி நின்ற வேளை. அவரோ காவலில் இருந்தார். சிறிய தந்தையின் மகன் அனமேல் வந்து, அனத்தோத்திலுள்ள வயலை வாங்கும்படி கேட்டான். எரேமியா 17 செக்கேல் வெள்ளியை நிறுத்துக் கொடுத்தார். சாட்சிகள் முன்னிலையில் உறுதி முடித்தார். முத்திரையிட்ட உறுதியையும் திறந்த பிரதியையும் நெடுங்காலம் பழுதாகாமல் இருக்க ஒரு மண்சாடியில் வைக்கச் சொன்னார். காணி உறுதியைப் பொலித்தீன் பையில் சுற்றி வயிற்றோடு கட்டிக்கொண்டு ஓடியவர்கள் இந்த இடத்தை விளக்கமின்றியே விளங்கிக்கொள்வார்கள். உறுதியை ஒப்படைத்த பின்னர்தான் எரேமியா செபிக்கிறார். அதுவும் ஒரு முறைப்பாடு போலவே முடிகிறது: நகரம் பகைவர் கையில் விழப்போகிறதே, என்னை ஏன் வயல் வாங்கச் சொன்னீர்? கடவுளிடம் இப்படிக் கேட்பது விசுவாசக் குறைவென்று நினைத்து வாய்மூடி இருப்போர் 32 ஆம் அதிகாரத்தை ஒருமுறை வாசிக்க வேண்டும்.

நமது மண்ணிலும் இதற்குச் சாட்சி உண்டு. 1658 இல் ஒல்லாந்தர் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிக் கத்தோலிக்க வழிபாட்டைத் தடைசெய்தார்கள். யோசேவாஸ் அடிகளார் பிச்சைக்காரர் வேடத்தில் 1687 இல் இலங்கை வரும்வரை, ஏறக்குறைய ஒரு தலைமுறைக் காலம், மக்கள் குருவானவரின்றி வாழ்ந்தார்கள். வீடுகளுக்குள்ளே செபம் சொல்லியே விசுவாசத்தைக் காத்தார்கள். 1670 அளவில் மாந்தையிலிருந்து மாதாவின் சுரூபத்தைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் போனவர்களாலேயே மடு உண்டானது. அந்தச் சுரூபம் 2008 ஏப்ரலில் மறுபடி இடம்பெயர்ந்து தேவன்பிட்டிக்குப் போய், அதே ஆண்டு ஓகஸ்டில் திரும்பியது. யோசேவாஸ் அடிகளாரை 2015 ஜனவரி 14 இல் காலிமுகத்திடலில் புனிதராக அறிவித்த பாப்பரசர் பிரான்சிஸ், அன்று பிற்பகலே மடுவுக்கும் வந்தார்.

ஆகவே இந்த ஆண்டுக்குச் சிறிய தீர்மானம் ஒன்று போதும் என்பது நமது எண்ணம். மாற்கு நற்செய்தியில் 16 அதிகாரங்கள் உள்ளன. நாளுக்கு அரை அதிகாரமாக வருடப்பிறப்பன்று தொடங்கினால் பெப்ரவரி 1 ஆம் திகதி முடிந்துவிடும். மறுநாள் இயேசு பாலனை ஆலயத்தில் காணிக்கையாக்கிய திருநாள். இராச் சாப்பாட்டுக்கு முன் பத்து நிமிடம். அவ்வளவுதான். பெரிய தீர்மானங்கள் மிளகாய்க்கன்றுக்கு ஒரே நாளில் ஒரு மாத நீரையும் இறைப்பது போன்றவை.

இதைவிடக் கடினமான ஒன்றும் இருக்கிறது. அதைச் சொல்லாமல் விட முடியாது. எல்லை வேலிக்காகப் பேச்சை நிறுத்திய சகோதரர்கள் ஒரே வாங்கில் அமர்ந்து நற்கருணை வாங்குகிறார்கள். பொதுக்கிணற்றில் அவ்வூர்ச் சனத்துக்கும் வந்த சனத்துக்கும் சண்டை. காணிக்கையைப் பீடத்தின் முன்னே வைத்துவிட்டு, முதலில் போய்ச் சகோதரனோடு சமாதானமாகும்படி ஆண்டவர் சொன்னது யாருக்கு? இடம்பெயர்ந்தோர் என்ற பெயரும் நமக்கு மாத்திரம் உரியதல்ல. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து வெளியேற்றப்பட்ட முஸ்லிம் குடும்பங்களுக்கும் வயலும் கிணறும் இருந்தன. நமது மாலைச் செபத்தில் அவர்களுக்கு இடமுண்டா என்பதையும் கேட்டுப் பார்ப்போம். ஜனவரி 1 ஆம் திகதியை 1968 இலிருந்து திருச்சபை உலக சமாதான தினமாகவும் கொண்டாடி வருகிறது.

யார் வாசிப்பது என்று கேட்பார்கள். தகப்பன் இல்லாத வீடுகள் நம்மிடையே அனேகம். தாய் வாசிக்கலாம். கண் தெரியாத அம்மம்மாவுக்கு ஐந்தாம் வகுப்புப் பிள்ளை எழுத்துக்கூட்டி வாசிக்கலாம். பிழை விட்டால் திருத்திக்கொண்டு இருக்க வேண்டாம். ஏழாம் எட்டாம் நாளில் 4 ஆம் அதிகாரம் வரும். விதைப்பவனின் கதையும், அவன் தூங்கி எழும்ப, அவனறியாமலே முளைத்து வளரும் பயிரின் கதையும் அதிலுண்டு. காலபோக நெல் கதிர் முற்றிவரும் நாட்கள் அவை. சொந்த வயலிலோ, குத்தகைக் காணியிலோ, அடுத்தவரின் வயலிற் கூலிக்கோ அருவி வெட்டப் போகிறவர்கள் அந்தப் பகுதியை முதல்நாள் இரவே பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கலாம்.