பெரட்டுக் களத்திலிருந்து வாக்குச்சாவடி வரை

நெகிரி செம்பிலானில் 61 தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. அவற்றில் பலவற்றின் பெயரோடு 'லாடாங்' என்ற சொல் இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. லாடாங் கெர்பி, லாடாங் சுவா பெத்தோங், லாடாங் பிராட்வெல் என்று பட்டியல் நீளும். பெயரில் தோட்டம் இருக்கிறது. பிள்ளைகளில் பலர் தாமான் வீடுகளிலிருந்து பள்ளி வேனில் வந்து இறங்குகிறார்கள். பால்மரம் நின்ற இடத்தில் செம்பனை வந்தது. செம்பனை நின்ற இடத்தில் இப்போது இரட்டை மாடி வீடுகள் எழுகின்றன. நீலாய், லாபு, செண்டாயான் பக்கம் போய் வந்தவர்களுக்கு இது புதிய செய்தி அல்ல.

தோட்டம் கலைந்து போனது சரி. தோட்டத்தில் நமக்கு இருந்த அரசியல் என்ன ஆனது?

இந்தக் கேள்விக்கு அருகில் நெடுங்காலம் நின்றவர் பேராசிரியர் ப.இராமசாமி. பினாங்கின் இரண்டாவது துணை முதலமைச்சராகத்தான் பலருக்கு அவரைத் தெரியும். அதற்கு முன் ஏறக்குறைய கால் நூற்றாண்டு பாங்கியிலுள்ள மலேசிய தேசியப் பல்கலைக்கழகத்தில் அரசியல் பொருளாதாரம் கற்பித்தவர் அவர். பாங்கியிலிருந்து கார் எடுத்தால் கொஞ்ச நேரத்தில் நீலாய். அங்கே நெகிரி செம்பிலான் தோட்டங்கள் தொடங்கிவிடும். அவர் ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொண்டதும் தோட்டத் தொழிலாளர்களின் வாழ்க்கையைத்தான். தீபகற்ப மலேசியாவின் தோட்டத் தொழிலாளர் பற்றி அவர் எழுதிய ஆங்கில நூலை 1994இல் ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக அச்சகம் வெளியிட்டது. முதலாளி, தொழிற்சங்கம், அரசாங்கம் ஆகிய மூன்றையும் ஒன்றாக வைத்துத் தொழிலாளியின் நிலையைப் பார்த்த நூல் அது.

அப்படிப் பார்க்கும்போது ஒரு கேள்வி தானாக எழுகிறது. தொழிலாளிக்காகப் பேசுகிறவர் யாருக்குப் பதில் சொல்கிறார்?

ஒரே வேலிக்குள் எல்லாம்

நம் தாத்தா பாட்டியின் நாள் பெரட்டுக் களத்தில் தொடங்கியது. விடியுமுன் வரிசையில் நின்று பேர் கொடுக்க வேண்டும். கிராணி கணக்கெழுதுவார், மண்டோர் நெறை பிரித்துக் கொடுப்பார். கைக்குழந்தைகள் ஆயாக்கொட்டகையில் இருக்கும். வேலை, லயத்து வீடு, பள்ளிக்கூடம், கோயில், கள்ளுக்கடை எல்லாம் ஒரே வேலிக்குள். பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்ட நிர்வாகம் பள்ளி நடத்த வேண்டும் என்று 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் சொன்னது. நம் தமிழ்ப்பள்ளிகள் பலவற்றின் வேர் அங்கேதான்.

இதில் ஒரு வசதி இருந்தது, ஒரு ஆபத்தும் இருந்தது. வேலை போனால் வீடும் சேர்ந்து போய்விடும். துரையிடம் நேரடியாகப் பேச வாய்ப்பில்லை. கங்காணியோ மண்டோரோ கிராணியோ இடையில் நின்று பேச வேண்டும். அவர்களுக்குச் சம்பளம் கொடுப்பவர் துரை. பேசுகிறவர் யாருக்குப் பதில் சொல்வார் என்பது அப்போதே தெரிந்த விஷயம்.

பிறகு சங்கம் வந்தது. போருக்குப் பின் நெகிரி செம்பிலானில் தொழிற்சங்கப் பணியைத் தொடங்கிய பி.பி.நாராயணன், பின்னாளில் தேசியத் தோட்டத் தொழிலாளர் சங்கத்தின் முகமானார். தனித்தனிச் சங்கங்கள் 1954இல் ஒன்றிணைந்து உருவான சங்கம் அது. 1962இல் அவருக்கு மக்சேசே விருது கிடைத்தது. கூலிப் பேச்சுவார்த்தையில் முதலாளிகளுக்கு எதிரே உட்கார நமக்கு ஒரு நாற்காலி கிடைத்தது பெரிய விஷயம்தான். ஆனால் பேச்சுவார்த்தை மேசை தலைநகரில் இருந்தது; நெறையில் நின்றவர் அங்கே இல்லை.

குடியுரிமை விவகாரம் அதைவிடக் கசப்பானது. 1969க்குப் பிறகு குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை அனுமதி கட்டாயமானபோது, சிவப்பு அடையாள அட்டை வைத்திருந்த தோட்டத் தொழிலாளர் பலர் தமிழகத்துக்குத் திரும்ப வேண்டியதாயிற்று. மரம் வெட்டத் தெரிந்திருந்தது, காட்டத் தாள் இல்லை. ஒரு துண்டுக் காகிதம் ஒரு குடும்பத்தின் திசையையே மாற்றும் என்பதை நம் சமூகம் அன்று படித்தது.

கடற்கரைத் தொகுதியின் கதை

அரசியல் மாற்றத்தை ஒரே இடத்தில் பார்க்க வேண்டுமானால் போர்ட்டிக்சனைப் பாருங்கள். சுவா பெத்தோங், சிலியாவ், லுக்குட் என்று தோட்டங்கள் சூழ்ந்த வட்டாரம். முன்பு தெலுக் கெமாங் என்ற பெயரில் இருந்த அந்த நாடாளுமன்றத் தொகுதி ம.இ.காவின் கோட்டைகளில் ஒன்று. தோட்டத்தில் தராசுச் சின்னம் என்றால் வீட்டுச் சின்னம் மாதிரி. வேறு பக்கம் கை போகாது.

2007 நவம்பர் 25இல் கோலாலம்பூரில் இந்த்ராஃப் பேரணி நடந்தது. அடுத்த ஆண்டு மார்ச் 8 பொதுத்தேர்தலில் தேசிய முன்னணி மூன்றில் இரண்டு பங்குப் பெரும்பான்மையை இழந்தது. சுங்கை சிப்புட்டில் ச.சாமிவேலு தோற்றார். தெலுக் கெமாங்கில் ம.இ.காவின் சோதிநாதனைத் தோற்கடித்து பி.கே.ஆர் வென்றது. அதே நாளில் பத்து காவானில் கெராக்கான் தலைவர் கோ சூ கூனை எதிர்த்து நின்ற பேராசிரியர் இராமசாமியும் வென்றார். 2005இல் பல்கலைக்கழகத்தில் அவருடைய ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. அதே ஆண்டு ஜ.செ.கவில் சேர்ந்திருந்தார். மூன்றே ஆண்டில், தோட்டத்தைப் பற்றி எழுதியவர் ஆட்சி நாற்காலியில் உட்கார்ந்தார்.

போர்ட்டிக்சன் கதை அங்கே முடியவில்லை. 2018 மே மாதம் ஓய்வுபெற்ற கடற்படை அதிகாரி டன்யால் பாலகோபால் அப்துல்லா அங்கே வென்றார். சில மாதங்களில் அன்வார் இப்ராஹிமுக்காகப் பதவி விலகினார். அக்டோபர் 13 இடைத்தேர்தலில் அன்வார் பெரும் வெற்றி பெற்றார். 2022இல் அவர் தம்புனுக்குப் போய்விட, போர்ட்டிக்சனில் மந்திரி பெசார் அமினுடின் ஹருண் வென்றார். நான்கரை ஆண்டுகளில் மூன்று நாடாளுமன்ற உறுப்பினர்கள். ஒவ்வொரு முறையும் மக்கள் வாக்களித்துத்தான் தேர்ந்தெடுத்தார்கள். யார் நிற்பது, யார் விலகுவது என்ற முடிவு மட்டும் வேறு இடத்தில் எடுக்கப்பட்டது.

பக்கத்து ரந்தாவ் இன்னொரு பாடம். 2018இல் வேட்புமனுத் தாக்கல் நாளன்று அனுமதி அட்டை இல்லை என்று பி.கே.ஆர் வேட்பாளர் டாக்டர் ஸ்ரீராமை மண்டபத்துக்குள் விடவில்லை. அப்போதைய மந்திரி பெசார் முகமட் ஹசான் போட்டியின்றி வென்றார். வழக்கு கூட்டரசு நீதிமன்றம் வரை போனது. வெற்றி செல்லாது என்றாகி, 2019 ஏப்ரல் 13இல் இடைத்தேர்தல் நடந்தது. அதிலும் முகமட் ஹசான்தான் 4,510 வாக்குகள் வித்தியாசத்தில் வென்றார். முடிவு மாறவில்லை என்று சிலர் சலித்துக்கொண்டார்கள். ஆனால் ஒரு வருடம் முன்பு சட்டமன்றத்துக்கான வாக்குச்சீட்டே கிடைக்காத ரந்தாவ் மக்கள், அன்று தங்கள் விருப்பத்தைச் சொல்லிவிட்டு வந்தார்கள்.

பேராசிரியருக்கும் அதே கேள்வி

மூன்று தவணை துணை முதலமைச்சராக இருந்த இராமசாமி, 2023 ஆகஸ்ட் சட்டமன்றத் தேர்தலில் வேட்பாளராக நிறுத்தப்படவில்லை. கட்சியை விட்டு விலகினார். அதே ஆண்டு நவம்பரில் 'உரிமை' கட்சியைத் தொடங்கினார். நாட்டு நடப்பு குறித்து அடிக்கடி எழுதுகிறார். அவரைச் சுற்றிய சர்ச்சைகள், வழக்குகள் தனிக் கதை. அவற்றை நீதிமன்றம் பார்த்துக்கொள்ளும்.

நாம் கவனிக்க வேண்டியது வேறு. 2023இல் அவரைத் தோற்கடித்தது பிறை வாக்காளர்கள் அல்ல. அவர் பெயர் அவர்கள் முன் வைக்கப்படவே இல்லை. வேட்பாளரை மாற்றக் கட்சிக்கு உரிமை உண்டு, புதியவர்களுக்கும் வாய்ப்பு வேண்டும். ஆனாலும் அவருடைய நூல் எழுப்பிய கேள்வி இங்கேயும் பொருந்துகிறது. நம் பிரதிநிதி நமக்குப் பதில் சொல்கிறாரா, பட்டியல் எழுதுகிறவருக்கா? புதுக்கட்சி தொடங்கினாலும் இந்தக் கேள்வியிலிருந்து தப்ப முடியாது.

வானொலியில் அரசியல் பேச்சு வந்தால், "நமக்கு யார் இருக்காங்க?" என்பதுதான் நேயர்களின் முதல் கேள்வி. இந்தியர் பெரும்பான்மையாக உள்ள நாடாளுமன்றத் தொகுதி இந்த நாட்டில் ஒன்றுகூட இல்லை. தோட்டம் கலைந்தபின் நாம் இன்னும் சிதறி இருக்கிறோம். ஒரு தலைவர் வந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொள்வார் என்ற கணக்கு இனி ஓடாது. ஆனால் நெருக்கமான தொகுதியில் சில நூறு வாக்குகள் போதும், வேட்பாளர் நம் தாமானுக்கு வந்து நிற்பார். நெகிரி செம்பிலான் சட்டமன்றத்தில் மொத்தமே 36 இடங்கள்தான்.

அப்படி நிற்கும்போது கேட்கக் கையில் கேள்வி இருக்க வேண்டும். தமிழ்ப்பள்ளி நிலம் யார் பெயரில் இருக்கிறது? விற்கப்பட்ட தோட்டத்தில் மிஞ்சிய குடும்பங்களுக்கு வீடு எப்போது? அடையாள அட்டைச் சிக்கலில் இருக்கும் பிள்ளைக்கு அடுத்த படி என்ன? அடுத்த முறை வரும்போது பதிலையும் கேட்க வேண்டும்.

அதற்கு முன் வீட்டுக்குள் ஒரு சின்ன வேலை இருக்கிறது. 2021 டிசம்பர் முதல் 18 வயதானவர்கள் தாமாகவே வாக்காளர்கள் ஆகிறார்கள். தொகுதியைத் தீர்மானிப்பது மைகாட்டில் உள்ள முகவரி. சிரம்பானில் வேலை, செண்டாயானில் வீடு, மைகாட்டில் மட்டும் தாத்தாவின் பழைய தோட்டத்து முகவரி என்றால், அந்தப் பிள்ளையின் வாக்கு ஆளில்லாத லயத்தில்தான் கிடக்கும். பெரியவர்களும் கவனிக்க வேண்டும்: ஏற்கெனவே பதிவானவர்கள் மைகாட்டில் முகவரியை மாற்றினால் மட்டும் தொகுதி மாறாது, தேர்தல் ஆணையத்திடம் தனியாக விண்ணப்பிக்க வேண்டும்.

இந்த ஞாயிறு மதியம் சாப்பாடு முடிந்ததும் வீட்டிலுள்ள எல்லோருடைய மைகாட்டையும் எடுத்து மேசைமேல் வைத்துப் பாருங்கள். எத்தனை பேர் இன்னும் தோட்டத்திலேயே இருக்கிறார்கள் என்று எண்ணிவிடலாம்.